தென்ன மட்ட விளையாட்டப் பத்தி பெற்றாருக்கு அதிபர்ர கடிதம்

அன்பான அம்மாமார், அப்பாமாருக்கும், அம்மா வெளிநாட்டுல எண்டதால பேரப்புள்ளையள வெச்சிப் பாக்கிற அம்மம்மாமாருக்கும் வணக்கம்.

போன கிழம வாட்ஸ்அப் குறூப்புல நீங்க போட்ட வொய்ஸ் எல்லாத்தையும் ஆறுதலா இருந்து கேட்டன், ஒண்டு நாலு நிமிசம், அதையும் முழுக்கக் கேட்டன். ஸ்கூல்ல புள்ளையள் மட்டையால அடிபடுறாங்களாம், ஒருத்தன் காலு வீங்கி வந்திரிக்கானாம், ஒபீஸ் யன்னல் கண்ணாடியையும் உடைச்சிட்டாங்களாம் எண்டு. இதுல கொஞ்சம் உண்மை, கொஞ்சம் ஆரோ கூட்டிச் சொன்னது, குறூப்புல பதில் போட்டா அதுக்குக் கீழ இன்னும் இருபது வொய்ஸ் வரும், அதான் கடிதமா எழுதிப் புள்ளையள்ட குடுத்து விடுறன்.

முதல்ல, அது அடிபாடு இல்ல. ஹொக்கி.

இது எங்க இரிந்து வந்தது எண்டா, டித்வா புயலும் வெள்ளமும் வந்து ஸ்கூல் எல்லாம் பூட்டிக் கிடந்த நாள் ஞாபகம் இரிக்கும் தானே, புயல் கரைக்கு வந்த அதே 2025 நவம்பர் 28ல தான் சென்னையிலயும் மதுரையிலயும் 21 வயசுக்கு உட்பட்ட ஆம்புளப் புள்ளையள்ர ஹொக்கி உலகக் கிண்ணம் தொடங்கினது. 24 நாட்டு ரீம். இங்க நமக்கு கரண்டும் இல்ல சிக்னலும் இல்ல, அது ரெண்டும் திரும்பி வந்தாப் பிறகு படிக்கிறதுக்கு எண்டு நீங்க குடுத்த போன்ல புள்ளையள் என்னத்தப் பாத்தாங்க எண்டு இப்ப விளங்கியிருக்கும். நான் கோவிக்கல்ல. மதுரை எண்ட ஊர்ப்பேர் கேட்டு, காங்கேயன் எண்டு ஒரு காளமாட்டு உருவத்த அடையாளமா வெச்சிரிக்காங்க எண்டு பாத்து, எட்டிப் பாத்தவங்க தான் மறுகா விடாமப் பாத்திரிக்காங்க.

இவங்கள இழுத்து விழுத்தினது டிசம்பர் 10ல நடந்த மூண்டாம் இடத்துக்கான மெட்ச். ஆர்ஜென்டினாவோட இந்தியா. ஒரு மெட்ச் 60 நிமிசம், பதினஞ்சு பதினஞ்சு நிமிசமா நாலு கட்டமா நடக்கும், அதுல முதல் மூண்டு கட்டமும் முடிஞ்சும் இந்தியா 0-2. மறுகா 49வது நிமிசத்துல ஒண்டு, 52ல ஒண்டு, 57ல ஒண்டு, 58ல ஒண்டு, மெட்ச் 4-2. இத நான் எங்கயும் வாசிச்சி எழுதல்ல, 7ம் ஆண்டுப் புள்ள ஒண்டு என்ட மேசைக்கு முன்னுக்கு நிண்டு நிமிசத்தோட ஒப்புவிச்சது, நான் பிறகு தேடிப் பாத்தன், ஒண்டும் பிழை இல்ல. அதே புள்ளைக்கு வரலாற்றுப் பாடத்துல ஒரு ஆண்டும் நிண்ட பாடில்ல, அது வேற கத. அந்த இந்திய ரீமுக்கு கோச் ஸ்ரீஜேஷ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வெண்கலம் எடுத்துப்போட்டு ஓய்வெடுத்த கோல் கீப்பர்.

அண்டைக்கே நடந்த ஃபைனல்ல ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1, ஷூட்அவுட்ல 3-2 எண்டு ஜெர்மனி கப்ப எடுத்தது. இந்த ஷூட்அவுட் புட்போல் மாதிரி பந்த வெச்சி அடிக்கிறது இல்ல, 23 மீட்டர் கோட்டுல இரிந்து ஒருத்தன் பந்தக் கொண்டு ஓடி வரோணும், கோல் கீப்பரும் முன்னுக்கு வரலாம், எட்டே எட்டு செக்கன் தான். இண்டவல்ல நம்மட ஸ்கூல்ல இருந்து நூறு புள்ளையள் சேந்து ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எட்டு மட்டும் கத்துறது பக்கத்து வளவுக்காரருக்கும் கேக்குதாம், வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிறீங்களா சேர் எண்டு ஒரு ஐயா றோட்டுல மறிச்சிக் கேட்டார்.

இனி மட்டை. ஹொக்கி ஸ்டிக் நம்மட பக்கம் கடையில வாங்க ஏலாது, அப்ப இவங்க என்ன செஞ்சாங்க எண்டா புயலுக்கு விழுந்த தென்னோலைய எடுத்து ஓலையக் கழிச்சி, மட்டையில அடிப்பக்கம் அகலமா வளைஞ்சி வரும் தானே, அந்த வளைவ நிலத்தில படுற மாதிரிப் புடிச்சா அச்சு அசல் ஹொக்கி ஸ்டிக். நான் ஒண்டக் கையில எடுத்துப் பாத்தன், ஒரு பக்கம் தட்டையா சீவி, புடிக்கிற இடத்துக்கு பழைய சைக்கிள் டியூப் சுத்தி, பேரும் எழுதியிரிக்கு. கைவேலைப் பாடத்துக்கு இவ்வளவு துப்புரவா ஒண்டும் வந்தது இல்ல. தட்டைப் பக்கத்தால மட்டும் தான் பந்தத் தொடலாம், காலுல பட்டா பவுல், இந்த சட்டம் எல்லாம் அவங்களுக்கு அத்துபடி. இடக்கை ஸ்டிக் எண்டு ஒண்டு இல்லவே இல்ல எண்டு கேள்விப்பட்டு ஒரு பொம்புளப் புள்ள என்னட்ட வந்து நியாயம் கேட்டது, நான் இடக்கையால எழுதுறன் தானே சேர் எண்டு. என்னட்ட பதில் இல்ல.

கால் வீங்கின விசயம் உண்மை. வெள்ளிக்கிழம மூண்டாம் பாடத்துக்குப் பிறகு, முழங்காலுக்குக் கீழ முன் எலும்புல பட்டது. கன்டீன்ல இரிந்து ஐஸ் பக்கற் ரெண்ட எடுத்து துவாய்ல சுத்தி நானே புடிச்சிக்கொண்டு இருந்தன், முட்டை அளவுக்கு எழும்பி நிண்டது. நோகுதா மகன் எண்டு கேட்டா, "சேர், அது பெனால்டி கோர்னர் தந்திரிக்கோணும், தரல்ல" எண்டு அழுறான், கோலுக்குக் கிட்ட மற்ற ரீம் பவுல் செஞ்சா குடுக்கிற அடி அது. எலும்புல ஒண்டும் இல்ல எண்டு படம் எடுத்துப் பாத்தாச்சி, அவர்ர அம்மம்மாட்ட நானே வீட்டுக்குப் போய் சொல்லிப்போட்டும் வந்தன். முன்னுக்கே ஆராவது ரீச்சர் நிண்டிரிக்கோணும், நிக்கல்ல, அது எங்கட பிழை தான்.

கண்ணாடி உடைஞ்சதும் உண்மை, ஆனா அத எந்தப் புள்ளையும் உடைக்கல்ல. இப்பிடி இல்லடா அடிக்கிற, இஞ்ச தா எண்டு மட்டைய வாங்கி அடிச்சது நான். காசும் நான் கட்டியாச்சி. தயவு செஞ்சி 8ம் ஆண்டுப் புள்ளையள ஏசாதீங்க.

எனக்கு இதுல ஆச வந்ததுக்குக் காரணம் இரிக்கு. என்ட முதல் நியமனம் மாத்தளைப் பக்கம். இலங்கையில ஹொக்கி எண்டா மாத்தளை தான், நம்மட புள்ளையள் கிரிக்கட் பெட்டத் தூக்கிக்கொண்டு போற மாதிரி அங்க ஸ்டிக்க முதுகுல கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாங்க. அப்ப ஒரு சேர் எனக்கு சொல்லித் தந்தது தான் இந்தத் தரைக் கத. முந்தி ஹொக்கி புல்லுல நடந்தது, அந்தக் காலத்துல இந்தியா ஒலிம்பிக்ல 7 தங்கம். 1976 மொன்றியல் ஒலிம்பிக்ல முதல் தரம் செயற்கைத் தரைய விரிச்சாங்க, பந்து பாயுற வேகமே மாறிப் போச்சி, புல்லுல பந்தத் தடவி விளையாடிப் பழகின இந்தியா அண்டைக்கு ஏழாம் இடம். மறுகா 1980 மொஸ்கோவில மட்டும் ஒரு தங்கம், அதுக்கு கெப்டன் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன், அதோட சரி, இண்டைக்கு மட்டும் தங்கம் இல்ல. அந்தத் தரைய விரிக்கவும் காசு வேணும், தண்ணி அடிச்சி அடிச்சி நனைச்சி வெச்சிரிக்கவும் காசு வேணும், காசுள்ள நாடுகள் முன்னுக்குப் போயிற்று. நம்மட கிறவுண்ட் மணலும் குறிஞ்சாவும் மாட்டுச் சாணியும், அதுல ஆரும் உலக சம்பியன் ஆக மாட்டாங்க, எனக்கும் தெரியும். ஆனா மணல்ல பந்து மெதுவாத் தான் ஓடும், அதால சின்னப் புள்ளையளுக்கு அது தான் நல்லம் எண்டும் நினைக்கிறன். அந்த 21 வயசுக்கு உட்பட்ட உலகக் கிண்ணத்துக்கு பங்களாதேஷும் முதல் தரமா வந்திரிந்தது, அவங்கட அமீருல் இஸ்லாம் தான் எல்லாருலயும் கூட கோல் அடிச்சவன், பெரிய நாட்டுப் பொடியங்க எல்லாம் அவனுக்குப் பின்னால.

அதால விளையாட்ட நிப்பாட்டப் போறது இல்ல. இண்டவல்ல விளையாட ஏலாது, செவ்வாயும் வியாழனும் ஸ்கூல் விட்டு ஒரு மணித்தியாலம், விளையாட்டு சேரோ நானோ நிப்பம். ஓங்கி அடிக்க ஏலாது, பந்தத் தள்ள மட்டும் தான், மட்ட முழங்காலுக்கு மேல எழும்பினா அண்டைக்கு அவர் வெளியில. ரெனிஸ் போல் தான், உண்மையான ஹொக்கிப் பந்து 160 கிராம் அளவுல கல்லு மாதிரி, அத ஆரும் வெளிநாட்டுல இரிந்து அனுப்பினாலும் ஸ்கூலுக்குக் குடுத்து விடாதீங்க. காலுக்கு மொத்தமான காட்போட்ட அளவா வெட்டி நீளச் சொக்ஸ்க்குள்ள வெச்சி விடுங்க, ஷின் கார்ட் வாங்க நான் கேக்கல்ல. மட்டையில ஆணி அடிக்க வேணாம், ஒண்டுல கண்டன். பச்ச மட்ட பாரம், காஞ்சதா சீவிக் குடுங்க, சீவுறது அப்பாவோ மாமாவோ, புள்ளையள்ர கையில கத்திய குடுக்க வேணாம். பொம்புளப் புள்ளையளும் வரலாம், பதினாலு பேர் இப்பவே பேர் தந்திரிக்காங்க.

இன்னொண்டு. 2026 ஆகஸ்ட் 15ல இரிந்து 30 மட்டும் நெதர்லாந்துலயும் பெல்ஜியத்துலயும் பெரிய ஆக்கள்ர ஹொக்கி உலகக் கிண்ணம். 16 ரீம், போன தரம் எடுத்தது ஜெர்மனி. அங்க பின்னேரம் 8 மணி எண்டா நமக்கு இரா 11.30, இத இப்பவே சொல்லி வைக்கிறன், அந்த நேரம் படிக்கிறன் எண்டு போனக் கேட்டா என்ன எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கட்டும். ஃபைனல மட்டும் ஸ்கூல்ல புரொஜெக்டர்ல போடலாமா எண்டு அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துல கதைப்பம்.

கீழ துண்டு இரிக்கு. விருப்பம் எண்டாலும் விருப்பம் இல்ல எண்டாலும் கையெழுத்துப் போட்டு திங்கக்கிழமைக்குள்ள வகுப்பு ரீச்சர்ட குடுத்து விடுங்க. அம்மம்மாமார் கைநாட்டு வெச்சாலும் போதும், புள்ளைய வெச்சி எழுத வேணாம், போன தரம் மூண்டு துண்டுல ஒரே கையெழுத்து வந்தது.

இப்படிக்கு,
அதிபர்