கூத்தைப் படம்பிடிக்க வருகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி வந்துதான் கூத்து அழிந்தது என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் பழையது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் இன்றைய நிலைமை அதைவிடச் சிக்கலானது. விடிய விடியப் பாயில் இருந்து கூத்துப் பார்த்த இளையவர்கள் குறைவு; தொலைக்காட்சியிலும் யூரியூப்பிலும் பார்த்தவர்களே அதிகம். ஆடப் பழகும் பிள்ளைகளும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் பதிவைப் போட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். பதிவில் கால் தெரியாவிட்டால் காலாட்டம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. ஆகவே கோயிலடிக்கு வரும் தொலைக்காட்சிக் குழுவினருக்கும், அவர்களை அழைக்கும் கூத்து மன்றங்களுக்கும் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கமரா நிற்கும் இடம். மேடை நாலடி உயரமென்றால் சனத்துக்கு முன்னால் தரையில் வைத்த கமராவுக்கு மேடை விளிம்பு பாதத்தை மறைத்துவிடும். லென்ஸ் மேடைத் தளத்தைவிட இரண்டடியாவது உயர வேண்டும். இருக்கிற சனத்துக்குப் பின்னால் ஒரு பரண் அடித்து, முழு மேடையும் தலைமுதல் கால்வரை தெரியும்படி ஒரு கமராவைப் பூட்டிவிடுங்கள். அதை இரவு முழுவதும் யாரும் அசைக்கக் கூடாது. இரண்டாவது கமரா முகங்களுக்கு. மூன்றாவது அண்ணாவியாருக்கும் மிருதங்கம், ஆர்மோனியக்காரருக்கும். இதைத்தான் எல்லாரும் செலவென்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டில் ஆட்டக்காரர் எந்த இடத்தில் தாளத்தை வாங்குகிறார் என்பது அண்ணாவியாரின் கையைப் பார்த்தால்தான் விளங்கும். கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் தாளக்கட்டுக்கு, அதாவது தாளச் சொற்கட்டுக்கு, ஆடும்போது முகத்தை அண்மைக்காட்சியில் காட்டுவதுபோல் கெடுதி வேறில்லை. கிரீடமும் கண்மையும் அழகாகத்தான் இருக்கும். ஆட்டம் நடப்பது கீழே.

படத்தைவிட அதிகம் பாழாவது ஒலி. ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கமராவில் செருகினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மிக்சருக்கு வருவது மைக்குக்கு முன்னால் நின்றவரின் குரல் மட்டுமே. சலங்கை அதில் இல்லை. பின்னால் நிற்பவர்கள் திருப்பிப் பாடும் பிற்பாட்டு பாதிதான் இருக்கும். மேடை விளிம்பில் காலடியை நோக்கி இரண்டு தனி மைக் வைத்து, அவற்றை வேறு தடத்தில் பதிந்து, பிறகு மிக்சர் ஒலியோடு சேர்க்க வேண்டும். மிக்சரின் லைன் வெளியீட்டைக் கமராவின் மைக் உள்ளீட்டில் கொடுத்தால் ஒலி உடைந்து கரகரக்கும், அதைப் பிறகு முழுமையாகத் திருத்த முடியாது. பாட்டாலேயே கதை நடத்தும் இசை நாடகத்தில் பாடகர் உச்சத்தில் பிடிக்கும்போது கமராவின் ஒலிமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி முன்கூட்டியே ஒரு பாட்டைப் பாடவைத்துச் சரிபாருங்கள். தானியங்கி ஒலிமட்டத்தைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் பாட்டு ஓய்ந்த கணத்தில் ஜெனரேற்றர் இரைச்சல் பொங்கி எழும், பாட்டு தொடங்கியதும் குரல் அமுங்கும்.

மேடையிலிருந்து 20 மீற்றர் தள்ளி நிற்கும் கமராவின் சொந்த மைக்கை நம்பவும் கூடாது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 60 மில்லி செக்கன் வேண்டும். நொடிக்கு 25 படமென்று எடுக்கும்போது அது ஒன்றரைப் படப் பிந்தல். மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். தாளம் பழகும் பிள்ளைக்குக் கால் பிந்தி விழுவதாகவே படும்.

வெளிச்சத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் வைத்தால் எல்.ஈ.டி விளக்கின் கோடுகள் ஓடுவது பெரும்பாலும் நிற்கும். கைத்தொலைபேசிகள் பல நொடிக்கு 30 படத்தில்தான் எடுக்கும்; மற்றக் கமராக்களின் 25 படத்தோடு அது பொருந்தாது, கவனியுங்கள்.

"முழு இரவையும் எடுக்க இடமில்லை" என்ற சாட்டும் நிற்காது. செக்கனுக்கு 50 மெகாபிற் என்ற தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 22.5 ஜிகாபைற் வரும். எட்டு மணித்தியாலம், மூன்று கமரா என்றாலும் 540 ஜிகாபைற்தான். ஒரு ரெராபைற் வன்தட்டு ஒன்றில் அடங்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிழற்படத்துக்கென்று செய்த சில கமராக்கள் அரை மணித்தியாலத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். மூன்றும் ஒரே நேரத்தில் நின்றால் பாட்டின் நடுவில் ஓட்டை விழும். ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் இடைவிட்டுத் தொடக்குங்கள்.

ஒளிபரப்புக்கு ஐம்பது நிமிடம்தான் கிடைக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். சுருக்குவதே பிழையென்று சொல்லவரவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்காகச் சுருக்கினார். கூத்து தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்து, எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தீர்மானித்துச் சுருக்கினார். இன்று வெட்டுகிறவர் கணினிக்கு முன்னால் தனியே இருக்கிறார். பாட்டின் மூன்றாம் அடியில் விளம்பரம் விழுகிறது. காத்தவராயன் கூத்தை ஐம்பது நிமிடத்துக்குள் அடைக்க வேண்டாம். கதைநாயகனான காத்தவராயனை, அதாவது காத்தானை, இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஆடுவது அங்கே வழக்கம். ஆள் மாறும் இடத்தை வெட்டினால் பார்க்கிறவருக்குக் கதையே குழம்பும். கழுமரம் ஏறும் பகுதியை மட்டும் எடுத்து, அதை முதலிலிருந்து கடைசிவரை காட்டுங்கள். அரிச்சந்திரா இசை நாடகத்தின் சுடலைப் பகுதியான மயான காண்டம் தன்னந்தனியாக நின்று ஊரெல்லாம் ஓடியது அப்படித்தான். இசை நாடகக் கலைஞர் நடிகமணி வி.வி. வைரமுத்து அந்த ஒரு காண்டத்தைக் கொண்டே சனத்தைக் கட்டி வைத்திருந்தார்.

மன்றங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. படமெடுக்க அனுமதிக்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்: வெட்டாத முழுப் பதிவின் பிரதி ஒன்று ஒரு மாதத்துக்குள் மன்றத்துக்கு வர வேண்டும், அண்ணாவியார், பக்கவாத்தியக்காரர், ஒப்பனைக்காரர் உட்பட அத்தனை பேரின் பெயரும் ஊரும் திரையில் வர வேண்டும். கிடைத்த பிரதியை இரண்டு வன்தட்டில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் ஒன்றைக் கொடுக்கலாம்.

பழைய வி.எச்.எஸ். நாடாக்கள் இன்னும் பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா கிழியும், பூஞ்சணம் டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் தொற்றும். நிமிர்த்தி, ஈரமில்லாத இடத்தில் வைத்து, சுத்தம் செய்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த நாடாக்களில் இருக்கும் அண்ணாவிமார் பலர் இப்போது இல்லை. மாற்றும் செலவை எங்கள் தொலைக்காட்சி நிலையங்கள் ஏற்று, பிரதியை உரிய குடும்பத்துக்கும் கொடுத்து, ஒளிபரப்பும் செய்தால் அவர்களுக்கும் நிகழ்ச்சி கிடைக்கும்.

இங்ஙனம்,
கூத்து ஒளிப்பதிவில் ஈடுபடும் வாசகர்கள்,
வட்டுக்கோட்டை.