சனிக்கிழமை ஆமை நடை: வருகிறவர்கள் கவனத்துக்கு

வேன் மதியம் 2 மணிக்கு தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும். இரவு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டையிட்ட குழிகளைத் தேடி நடப்போம். அங்கே டார்ச், மொபைல் வெளிச்சம் எதுவும் கூடாது. பங்குனி ஆமை என்னும் கடலாமையின் குஞ்சுகள் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நம்பித்தான் இறங்கும். நம் விளக்கைப் பார்த்தால் ரோட்டுப் பக்கம் ஏறிவிடும். தாய் ஆமையின் தடம் டிராக்டர் டயர் தடம் மாதிரியே இருக்கும், நம் ஊர்க்காரர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். முடிவில் ஒரு குழி, அதில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும்.

செத்த ஆமையும் கண்ணில் படலாம். நீருக்கு மேலே வந்து மூச்சு விடும் உயிர், இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். அதற்காக அங்குள்ள சின்னப் படகு மீனவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது விதி. அதை மீறினால் சின்னப் படகுக்காரருக்கும் நஷ்டம்தான்.

அப்புறம், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஒகேனக்கல் பிக்னிக் இல்லை! பெயர் தர வியாழன் கடைசி.