தமிழ் இலக்கிய மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025 (சட்டையில் புள்ளி விடுபட்டது பற்றிய விளக்கமும் உண்டு)

மதிப்பிற்குரிய பொறுப்பாசிரியர் அவர்களுக்கும், மன்றத் தலைவருக்கும், வாசலுக்குப் பக்கத்து நாற்காலிகளைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சென்ற ஜூலை முதல் இந்த ஜூலை வரை, சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிக்குப் பிறகு 2 ஆண்டு படிக்கும் நமது தொடக்கக் கல்லூரித் தமிழ் இலக்கிய மன்றம் செய்ததையும் செய்யாததையும் இந்த அறிக்கையில் சொல்லியிருக்கிறேன். 2 பக்கத்துக்குள் முடித்துவிடு என்று டீச்சர் சொல்லியிருந்தார். கொஞ்சம் நீண்டுவிட்டது. மன்னிக்கவும்.

பதிவேட்டின்படி மன்றத்தில் 41 பேர். புதன்கிழமைக் கூட்டங்களுக்குச் சராசரியாக 11 பேர் வந்தோம். தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு மட்டும் 47 பேர் வந்திருந்தார்கள், அதாவது மொத்த உறுப்பினர்களைவிட 6 பேர் அதிகம். அன்று முறுக்கு இருந்தது.

ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்தோம். தீபாவளி அக்டோபர் 31 என்பதால் முந்திய வாரமே கொண்டாடி முடித்தோம். ஜனவரியில் பொங்கல் வைத்தோம். பானை பொங்கியது, கூடவே தீ எச்சரிக்கை மணியும் அடித்தது. அதற்குத் தனி விளக்கக் கடிதம் கொடுத்தாயிற்று. பிப்ரவரியில் புதியவர்களைச் சேர்த்தோம். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி, திறன்பேசி மாணவர்களுக்கு நண்பனா பகைவனா என்று ஒரு விவாதம் நடத்தினோம். இரண்டு அணியும் திறன்பேசியைப் பார்த்தே பேசின. இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை போனோம். 17 பேர் பெயர் கொடுத்து 6 பேர் வந்தோம். வராதவர்களில் 3 பேர் அன்றைக்கே கேம்பல் லேனில், நிலையத்துக்கு எதிர்ப்புறம், மாம்பழ லஸ்ஸி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

வருகை பற்றி ஒரு சொல். உயர்நிலைப் பள்ளியில் உயர்தமிழ் எடுத்துத் தேறியவர்களுக்கு இங்கே தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு. விலக்கு பாடத்துக்குத்தான், மன்றத்துக்குக் கிடையாது. இதை நான் வாட்ஸ்அப் குழுவில் 4 முறை எழுதிவிட்டேன். 38 பேர் படித்ததாக அது காட்டுகிறது. ஒருவர் கட்டைவிரல் போட்டார், அதுவும் டீச்சர்.

அடுத்து சட்டை. இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசிக்கொள்வதால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். மன்றத்துக்கென்று ஒரு சட்டை வேண்டும் என்று தீர்மானம் போட்டது எல்லாரும் சேர்ந்துதான். கருநீலத் துணியில் வெள்ளை எழுத்து. ஆளுக்கு 14 வெள்ளி என்று 30 சட்டைக்குச் சொல்லி, எழுத்தை வடிவமைத்துக் கோப்பை அனுப்பினேன். அச்சடிக்கும் இடத்தில் இருந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லை. சட்டை வந்தபோது முதுகில் ‘தமிழ இலககிய மனறம’ என்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் இருந்த வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

துணியில் எழுதும் வெள்ளைப் பேனா ஒன்றை வாங்கி, பொருளாளரும் நானும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து புள்ளி வைத்தோம். சட்டைக்கு 4 புள்ளி, 30 சட்டைக்கு 120 புள்ளி. முதல் சலவையில் புள்ளியெல்லாம் திராட்சை அளவுக்குப் பெருத்துவிட்டது. இதைக் காரணம் காட்டிப் பலர் இன்னும் பணம் தரவில்லை. ‘புள்ளி கெட்டுப்போச்சு, காசு எதுக்கு’ என்று கேட்கிறார்கள். ஆனால் சட்டையைத் திருப்பித் தந்தவர் ஒருவரும் இல்லை. உடற்பயிற்சிப் பாடத்தில் அதே சட்டை தினமும் என் கண்முன் ஓடுகிறது.

சரி, மலருக்கு வருகிறேன்.

செயலாளர் பொறுப்பை ஏற்றபோது நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வழியனுப்பு விழாவில் ஒவ்வோர் ஆண்டும் சோகப் பாட்டைப் போட்டுப் படம் ஓட்டுகிறோம். மூன்றாவது படத்திலேயே தலைவர் அழுதுவிடுவார், மற்றவர்கள் பிரியாணி எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதில் ஒரு நினைவு மலர் போடலாம் என்றேன். இரண்டாமாண்டில் இருக்கும் 22 பேரும் ஆளுக்கு 200 சொல்லில் எழுத வேண்டும். பள்ளிக்கூட வாழ்க்கையில் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்த ஒரு சம்பவம் போதும். ‘பொன்னான’, ‘பசுமையான’ என்ற இரு சொற்களுக்கும் தடை.

200 சொல் ரொம்ப அதிகம் என்றார்கள். இதே ஆட்கள் ஜிபி என்ற பொதுத்தாள் தேர்வில் 90 நிமிடத்தில் உலக வெப்பமயமாதலையே தீர்த்துவைக்கிறவர்கள்.

கெடு மார்ச் 14. பிறகு மார்ச் 28. பிறகு தேர்வு முடியட்டும் என்றார்கள். பிறகு ஜூன் விடுமுறை வரட்டும் என்றார்கள். இன்றுவரை கைக்கு வந்தவை 7. அந்த ஏழையும் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மீதி 15 பேர் எழுதாமல் இருப்பது குற்றம்.

நாங்கள் சாதாரணமான கூட்டம் இல்லை. 2020 ஜனவரியில் உயர்நிலை 1இல் கால் வைத்தோம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதற்குள் ஏப்ரல் வந்தது, கொவிட்டால் பள்ளி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஜூன் விடுமுறையை மே மாதத்துக்கே இழுத்துவிட்டார்கள். வீட்டிலேயே இருந்தவர்களுக்கு வீட்டிலேயே விடுமுறை. ஒரு தோழி எழுதியிருக்கிறாள்: ஸூம் வழியாகத் தமிழ் வகுப்பு. டீச்சர் ‘இலைமறை காய் போல’ என்ற உவமைத்தொடரை விளக்கிக்கொண்டிருக்கிறார். இவள் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டாள். அடுக்களையிலிருந்து அவள் அம்மாவின் குரல் 34 பேர் காதிலும் விழுகிறது: “தோசை ஆறுதுடி, உங்க டீச்சரும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, சீக்கிரம் விடச் சொல்லு.” டீச்சர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு வகுப்பை 10 நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டார்.

முகக்கவசத்தைப் பற்றி எழுதியவர் நம் துணைத்தலைவர். 2022 ஆகஸ்ட் 29ஆம் தேதி வகுப்பில் கவசம் கட்டாயமில்லை என்று ஆனபோது நாங்கள் உயர்நிலை 3. இரண்டரை ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முகத்தைத் திறந்தான். உள்ளே மீசை. ‘வேறு வகுப்புப் பையன் இடம் மாறி உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்து, எழுந்து போகச் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறார். அந்த மீசைக்காரர் இப்போது நம் பொருளாளர். 120 புள்ளியில் பாதியை வைத்தவர்.

இன்னொருவர் கணக்கே எடுத்திருக்கிறார். தொடக்கநிலை 5 முதல் உயர்நிலைப் பள்ளி முடிவில் வரும் ஓ நிலைத் தேர்வு வரை தான் எழுதிய தமிழ்க் கட்டுரைகளை அம்மா ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம், அதைக் கொட்டி எண்ணியிருக்கிறார். சாலைக்கு உருண்டோடிய பந்துகள் 9. அதைத் துரத்திப்போய்க் காரில் அடிபட்ட சிறுவர்கள் 9. அடிபட்ட எல்லாருமே ‘குற்றுயிரும் குலையுயிருமாக’த்தான் கிடந்தார்கள், சும்மா ஒரு சிராய்ப்போடு எழுந்து போனவர் கிடையாது. கதாநாயகன் ஒவ்வொரு முறையும் ‘சமயோசிதமாக’ ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழைத்தான். ஒருவரும் சாகவில்லை, ஏனென்றால் கடைசிப் பத்தியில் முதல்வர் மேடையில் ஏறிப் பாராட்ட வேண்டும். ஒன்பது கட்டுரையிலும் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பியபடிதான் பொழுது விடிந்தது. அதில் ஒரு கட்டுரையின் தலைப்பு ‘மழைநாளில் ஒரு விபத்து’.

வாய்மொழித் தேர்வைப் பற்றியும் ஒன்று வந்திருக்கிறது. காணொளியில் கடைத்தொகுதி ஒன்று ஓடியிருக்கிறது. மின்தூக்கி, மின்படி எல்லாம் நாம் தேர்வறைக்குள் மட்டும் பேசுகிற சொற்கள். அறையை விட்டு வெளியே வந்தால் லிஃப்ட்தான், எஸ்கலேட்டர்தான். நம் நண்பருக்கு மின்தூக்கி நினைவுக்கு வந்துவிட்டது, மின்படி வரவில்லை. ‘தானே ஏறுகிற படியில் ஒரு பாட்டி நிற்கிறார்’ என்று சொல்லிவிட்டார். தேர்வாளர் சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டாராம். மதிப்பெண்ணைக் கூட்டினாரா குறைத்தாரா என்று இன்றும் அவருக்குப் புரியவில்லை. எனக்கு ‘தானே ஏறுகிற படி’ பிடித்திருக்கிறது.

இவ்வளவும் நல்லபடியாக வந்துகொண்டிருந்தபோதுதான் பொங்கோல் நண்பரின் கட்டுரை வந்தது. கச்சிதமாக 200 சொல். ஒரு எழுத்துப்பிழை கிடையாது, சந்திப்பிழைகூட இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ‘பச்சைப் பசேல் என்ற வயல்வெளிகளைக் கடந்து, மாட்டுவண்டியின் சலங்கை ஒலி கேட்டபடி நான் பள்ளிக்கு நடந்து சென்ற அந்த நாட்கள்’ என்று தொடங்குகிறது. பொங்கோல் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பேட்டை, இவர் வீட்டு வாசலிலேயே இலகு ரயில் நிற்கும். எந்த வயலைக் கடந்தாய் என்று கேட்டேன். ‘சரி, வயலை எடுத்துடச் சொல்றேன்’ என்றார். யாரிடம் சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வந்த கட்டுரையில் வயல் இல்லை, ஆனால் வகுப்பு ஆலமரத்தடியில் நடந்தது. அப்புறம் நான் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். தலைவரும் டீச்சரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு இந்த அவையில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று நாள் கழித்து, இரவு 11 மணிக்கு மேல், கைப்பேசியில் தட்டிய சில வரிகளை அனுப்பினார். பிழையெல்லாம் அப்படியே இருந்தது. உயர்நிலை 2இல் ஒரு நாள் பள்ளி முடிந்து பேருந்தில் தூங்கிவிட்டாராம். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டது. விழித்துப் பார்த்தால் பேருந்தில் ஒருவரும் இல்லை, விளக்கும் அணைந்திருக்கிறது. ஓட்டுநர் பின்னால் நடந்து வந்து, திட்டப்போகிறார் என்று இவர் பையை அணைத்துக்கொண்டு நின்றபோது, ‘அடிக், சுடா மாக்கான்?’ என்று மலாயில் கேட்டிருக்கிறார். தம்பி, சாப்பிட்டாச்சா என்று. இவர் தலையாட்டி, இல்லை என்று சொல்ல, தன் நெகிழித் தூக்கிலிருந்து ஒரு பச்சைக் குவே பலகாரத்தை எடுத்துக் கொடுத்தாராம். ‘அதுல தேங்காப்பூ ஷர்ட்டுல கொட்டிருச்சி, வீட்ல கேட்டப்ப ஸ்கூல் கேன்டீன்னு பொய் சொன்னேன்’ என்று முடித்திருக்கிறார்.

மொத்தம் 61 சொல்தான் வந்தது. நான் ஒன்றும் திருத்தவில்லை. மலரில் அதுதான் முதல் பக்கம்.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இன்று இயற்பியல் மறுபாடத்துக்குப் போயிருப்பதால் நானே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஒதுக்கிய பணம் வந்தது. முறுக்கு, அட்டை, ஒரு பானை, அந்தப் பானைக்குப் பிறகு இன்னொரு பானை, வெள்ளைப் பேனா என்று போனது. வந்ததும் போனதும் ஏறக்குறைய ஒன்றுதான். ரசீதுகள் ஓர் உறையில் பத்திரமாக இருக்கின்றன. சட்டைக் கணக்கு மட்டும் ஒட்டவில்லை. 30 பேரில் 18 பேர் பணம் கொடுத்திருக்கிறார்கள். மீதி 12 பேரும் ‘அப்புறம் பேலா பண்றேன்’ (கைப்பேசியில் பணம் அனுப்புகிறேன்) என்று சொல்லி 5 மாதம் ஆகிறது. 168 வெள்ளி வர வேண்டும். கடைக்காரருக்கு அதைக் கைக்காசிலிருந்து கொடுத்தவர் யார் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. டிசம்பர் விடுமுறை முழுக்கத் துணிக்கடையில் நின்று சேர்த்த காசு அது. அவர் இப்போது இந்த அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

நன்றி கூற வேண்டியவர்கள்: பொறுப்பாசிரியர், கல்லூரி முதல்வர், மன்ற அறையை இரவு 7 மணி வரை பூட்டாமல் விட்ட காவலர் அங்கிள், பொங்கலன்று மணியை அணைத்த அலுவலகத்தார், நூலகத்தார். தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன், தெரியவில்லை. நாங்கள் இனி முன்னோட்டத் தேர்வுக்கும் ஏ நிலைத் தேர்வுக்கும் தலையைக் கொடுத்துவிடுவோம். அது முடிந்தால் பையன்களில் பெரும்பாலோர் தேசியச் சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவை போன்றவற்றுக்கு, போய்விடுவார்கள். உடல்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டரை ஓடத் தெரியாமல் அழுத கதையை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கும் இருவர், அதை ஓடி முடித்த பிறகுதான் எழுதுவார்கள் போலிருக்கிறது. தலைவர் பதவிக்கு 3 பேர் நிற்கிறார்கள். பொருளாளர் பதவிக்கு ஒருவர். செயலாளர் பதவிக்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. வேலை ஒன்றும் பெரிதில்லை. மன்ற அறைச் சாவி உங்களிடம் இருக்கும். மின்விசிறி உங்கள் பக்கம்தான் திரும்பும். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்ய வந்துவிடும். இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கும் தங்கையை நான் குறிப்பாக எதுவும் சொல்லவில்லை. அவர் கையெழுத்து அழகாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மலரில் 15 பக்கம் காலியாக இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் தேதியைக் கடைசி முறையாக ஆகஸ்ட் 15க்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்குள் வராத பக்கங்களில் பெயரை மட்டும் அச்சிட்டு, கீழே வெள்ளைத்தாளாக விடுவதாக உத்தேசம். இந்த முறை எழுத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்புவேன்.

கூட்டம் முடிந்ததும் கேன்டீனில் தேநீரும் வடையும் உண்டு. வடை 18தான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
ஜூலை 2025