மூன்று சிகரெட்டும் இதயமும்

அன்பு மகனுக்கு,

"இருபதிலிருந்து மூணுக்குக் கொண்டு வந்துட்டேம்மா, இனி பயமில்லை" என்று போனில் சொன்னாய். குறைக்க நீ பட்ட பாடு தெரியும், சந்தோஷம்தான். ஆனால் அந்த "இனி பயமில்லை" மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குறைத்த அளவுக்கு ஆபத்தும் குறையும் என்ற உன் கணக்கு நுரையீரலுக்கு ஓரளவு பொருந்தும். இதயத்துக்குப் பொருந்தாது. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வைப் படித்தேன். பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தினம் இருபது பிடிக்கும் ஆணுக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது.

புகை உள்ளே போன சில நிமிடங்களில் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்ளும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ரத்தம் உறையத் தயாராகிவிடும். இதற்கு ஒரு பாக்கெட் தேவையில்லை. இதய வார்டில் நர்ஸாக இருந்தபோது ஒருவர் வந்தார், உன் வயதுதான் இருக்கும். நெஞ்சில் வேர்வை ஊற்றியதால் இசிஜி பட்டை ஒட்டவே இல்லை. துடைத்துத் துடைத்து ஒட்டினேன். அந்த வலியிலும் "நான் நாலுதான் பிடிப்பேன் சிஸ்டர்" என்றார்.

அடுத்தவர் புகையும் இப்படித்தான். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அடுத்த ஓராண்டில், ஆய்வு நடந்த ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற கோளாறுகளோடு சேர்ந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தார்கள். புகைப்பவர்களைவிட, வாழ்நாளில் புகைக்காதவர்களிடமே குறைவு அதிகம். சட்டத்தால் இவ்வளவு முடியும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. நீ ஜன்னலோரம் நின்று பிடிக்கும்போது உள்ளே மருமகள் இருக்கிறாள், பார்த்துக்கொள்.

சரி, நல்லதையும் சொல்கிறேன். புகைப்பழக்கத்தை ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்ட் டாலின் குழுவினர் 1951-இலிருந்து ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தில் அநேகமாக முழுவதும் திரும்பக் கிடைத்தது. உனக்கு முப்பத்திரண்டுதான்.

மிச்சமுள்ள மூன்றில் எது விடக் கஷ்டம், காலையில் பிடிப்பதா? டாக்டரைப் பார்த்து தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ நிகோட்டின் சூயிங்கமோ கேள். மனத்திடத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அப்புறம், விடும் தேதியைச் சொல். அந்த வாரம் நான் அங்கே வந்து இருக்கிறேன். எரிச்சல் வந்தால் என் மேல் காட்டு, மருமகள் மேல் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா