டர்பன் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை என் பேத்தி நோட்டில் இப்படி எழுதி வந்தாள்: "தமிழின் வயது 4500. தெலுங்கு தமிழிலிருந்து பிறந்தது." இரண்டுமே சரியில்லை. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் தமிழரும் தெலுங்கரும் சேர்ந்துதான் வந்தார்கள். அவள் பெஞ்சிலேயே, வீட்டில் பாட்டியை அவ்வா என்று கூப்பிடும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லலாமா?

அந்த 4500, 2018இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. 20 திராவிட மொழிகளில் 100 பொருள்களுக்கான சொற்களைத் திரட்டிப் புள்ளியியல் முறையில் கணக்கிட்டார்கள். வந்த விடை திராவிடக் குடும்பம் கிளைவிடத் தொடங்கிய காலம்தான், தமிழின் வயது அல்ல. அதுவும் ஏறக்குறைய 3000 முதல் 6500 ஆண்டு வரை எங்கும் இருக்கலாம் என்றே சொன்னார்கள்.

ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி? 1950களில் மாரிஸ் சுவாதேஷ் என்ற மொழியியலாளர், ஆயிரம் ஆண்டில் அடிப்படைச் சொற்கள் 100இல் 86 நிற்கும் என்று எல்லா மொழிக்கும் ஒரே வேகம் வைத்தார். அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. ஐஸ்லாந்து மொழி பழைய சொற்களைக் காத்துவைத்த அதே காலத்தில் நார்வே மொழி நிறைய இழந்திருந்தது. அதனால் இப்போது கிளைக்குக் கிளை வேகம் மாற இடம்கொடுத்து, காலம் தெரிந்த பழைய எழுத்துச் சான்றுகளைப் பிடிமானமாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். விடை ஒற்றை எண்ணாக வராது.

இதை வகுப்பிலேயே காட்டலாம். தமிழ், தெலுங்குச் சொற்களைப் பலகையில் எதிரெதிரே எழுதுங்கள். கண், கன்னு. மூக்கு, முக்கு. பெயர், பேரு. ஒரே வேர் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நாய், குக்க: வேறு. அப்புறம் கை, செய்யி எழுதுங்கள். வேறு என்பார்கள், ஆனால் ஒரே வேர்தான். இந்தச் சொல்லில் பழைய ககரம் தெலுங்கில் சகரமாகிவிட்டது. ரத்தம், ரக்தம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கியவை, கணக்கில் சேராது. கை, செய்யியைத் தவறவிட்டால் மொழிகள் பிரிந்த காலம் உள்ளதைவிடப் பழையதாகத் தெரியும், ரத்தம், ரக்தத்தைச் சேர்த்துவிட்டால் உள்ளதைவிட அண்மையதாகத் தெரியும். ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

நோட்டில் "தமிழும் தெலுங்கும் ஒரே மூலமொழியின் பிள்ளைகள்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். 4500க்குப் பக்கத்தில் 3000, 6500 என்ற அந்த இரண்டு எல்லைகளையும் எழுதட்டும். சொற்பட்டியலோடு வரும் சனிக்கிழமை நானே வருகிறேன். அந்தப் பிள்ளையின் அவ்வாவையும் கூப்பிடுங்கள், தெலுங்குச் சொற்களை அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாத்தா