உடற்பயிற்சிக்கூடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்பயிற்சிக்கூட உரிமையாளர்களுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கல்லூரி ஆசிரியர். என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமரும் மாணவர் ஒருவர், பாடம் நடக்கும்போதே வலக்கையின் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாக்கி இடது மணிக்கட்டை அளந்துகொண்டிருப்பார்; விரல்நுனிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கையைச் சட்டென்று மேசைக்கடியில் இழுத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறையாவது இது நடக்கும். மதிப்பெண் சரிந்தபோது அழைத்துக் கேட்டேன். "போர்டைத்தான் சார் பார்க்கிறேன். ஆனா முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன் தோள்தான் கண்ணுல படுது" என்றார்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கவனம் எங்கே போகிறது என்றறிய உளவியலாளர்களிடம் ஓர் எளிய சோதனை உண்டு. கட்டுமஸ்தான உடலின் படமும் சாதாரண உடலின் படமும் திரையில் அரை நொடி அருகருகே தோன்றி மறையும். உடனே அவற்றுள் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி வரும். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். கட்டுமஸ்தான உடல் இருந்த பக்கத்தில் புள்ளி வரும்போதெல்லாம் ஒருவர் விரைந்து அழுத்தினால், அவர் கவனம் ஏற்கெனவே அங்கே போய் நின்றிருந்தது என்று பொருள். அந்த ஈர்ப்பு அவர் விரும்பி வரவழைத்ததன்று. தம் உடலில் பிடிக்காததையும் பிறர் உடலில் ஏங்குவதையுமே கண் மாறி மாறித் தேடும்போது, பாடத்துக்கு மிஞ்சுவது கொஞ்சந்தான்.

தம் உடல் போதிய அளவு கட்டுமஸ்தாக இல்லை என்ற இந்த வேதனை முற்றிய நிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் சகாக்களும் 1997-இல் 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று பெயரிட்டார்கள். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டிலும் அது இடம்பெற்றது. என் மாணவருக்கு அது இருக்கிறதென்று நான் சொல்லவில்லை. அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த மாணவர் சேர்ந்த உடற்பயிற்சிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளே சட்டையைக் கழற்றச் சொல்லிப் படமெடுத்து, போட்டிகளில் வென்ற ஒருவரின் படத்தருகே சுவரில் ஒட்டி, "நோஞ்சான், இப்படி ஆகணும்டா" என்றாராம் மாஸ்டர். ஊக்கப்படுத்தவே சொல்லியிருப்பார். அன்றிலிருந்து தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் இவர் பளு தூக்கப் போகிறார்.

பளு தூக்குவது நல்லது. முதுகு வளைகிறதா என்று பார்க்கக் கண்ணாடியும் வேண்டும். நான் கேட்பது, சேர வரும் பையனிடம் அவன் கையின் சுற்றளவைப் பற்றிப் பேசாமல், சென்ற மாதம் 30 கிலோ தூக்கியவன் இன்று 40 தூக்குகிறான் என்பதைப் பேசுங்கள் என்பதே. சுவரில் ஒட்டிய அந்தப் படங்களை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு கல்லூரி ஆசிரியர்