வாட் எண்ணை மட்டும் பார்த்து பைக் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீண்டதூரப் பயண பைக்குகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஃபேரிங்கில், அதாவது வண்டியின் முன்பக்க மூடுறையில், ஸ்பீக்கர் பொருத்திப் பாட்டுக் கேட்டபடி ஊர் சுற்றும் ஆசை நம்மவர்களிடமும் பரவிவருவதை அது நன்றாகவே விவரித்திருந்தது. ஆனால், ஆம்ப்ளிஃபயரின் வாட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று அதில் சொல்லப்பட்டிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கோவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டிகளுக்கு ஆடியோ பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். அந்த எண்ணை நம்பிப் பணத்தையும், சில வேளை பேட்டரியையும் பறிகொடுத்துவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்ப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பிறகுதான். ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 'மேக்ஸ்' வாட்டை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று ஆர்.எம்.எஸ். வாட், அதாவது ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கக்கூடிய மின்திறன்; மற்றொன்று சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்னும் அளவு. ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமானால் மின்திறன் இரட்டிப்பாக வேண்டும் என்பதால், 88 டெசிபல் ஸ்பீக்கர் 200 வாட்டில் எழுப்பும் ஒலியை 94 டெசிபல் ஸ்பீக்கர் வெறும் 50 வாட்டில் எழுப்பிவிடும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளந்த எண்ணை அச்சிடுகின்றன. மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கரில் அது ஒரு வாட்தான்; 4 ஓமில் இரண்டு வாட், 2 ஓமில் நான்கு வாட். ஆகவே 2 ஓம் ஸ்பீக்கரின் பெட்டியில் அப்படி அளந்து 94 என்று போட்டிருந்தால், உண்மையில் அது 88 டெசிபல் ஸ்பீக்கர்தான்.

இந்தக் கணக்கு பைக்கில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அத்தனை மின்சாரமும் இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டரிலிருந்தே வர வேண்டும். நடுத்தரப் பயண பைக்குகள் பலவற்றின் மொத்த மின்னுற்பத்தியே 300, 400 வாட் அளவுதான்; அதிலிருந்துதான் முகப்பு விளக்கு, எரிபொருள் பம்ப், இஞ்சின் விசிறி எல்லாம் ஓட வேண்டும். ஒரு ஸ்பீக்கருக்கு 200 வாட் வீதம் இரண்டுக்கும் கொடுத்தால், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத, 80 விழுக்காடு திறனுள்ள டி வகை ஆம்ப்ளிஃபயர்கூட முழு ஒலியில் 37 ஆம்பியர் இழுக்கும். அதே ஒலியை 50 வாட் வீதம் பெற்றால் 9 ஆம்பியர் போதும். பாட்டு எப்போதும் உச்ச அளவில் ஓடுவதில்லை, சராசரி இழுவை இதைவிட நன்றாகக் குறையும் என்பது உண்மைதான்; ஆயினும் இடைவெளி நான்கு மடங்காகவே நிற்கும். பழைய ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சூடாக்கியே தீர்த்துவிடும் என்பதால், மூடிய ஃபேரிங்குக்குள் அதை வைக்க நான் ஒப்புவதே இல்லை. வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, விளக்கும் விசிறியும் ஓட, சிக்னலில் நிற்கும் வேகத்தில் இஞ்சினை விட்டுப் பாருங்கள். பாட்டே போடாத நிலையில் வோல்டேஜ் 13-க்குக் கீழே இறங்கினால், அந்த வண்டியிடம் கொடுப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

அதற்காக வாட் குறைந்த ஆம்ப்ளிஃபயர்தான் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. போதாத ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, டுவீட்டர் எனப்படும், கீச்சொலிக்கான சிறிய ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவுக்கு ஈடாகவோ சற்றே கூடுதலாகவோ தரக்கூடிய ஆம்ப்ளிஃபயரை எடுத்து, உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதை அமைக்கும் கெயின் திருகை ஒலி பிசிறாத இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அதைத் தொடாமல் இருப்பதே சரி.

வேகத்தில் போகும்போது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கேட்கவில்லை என்பதுதான் பலருடைய குறை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 100 டெசிபல் அளவுக்குப் போகும். அதில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்தான். ஆறரை அங்குல ஸ்பீக்கரால் அதோடு மல்லுக்கட்ட முடியாது. 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிட்டால் கூம்பு வீணாகத் துள்ளாது, குரல் தெளிவாக வரும். உயரமான கண்ணாடியை முன்னால் பொருத்தினால் அதுவே பெரிய உதவி. அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டை ஏற்ற நினைப்பவர்கள் தங்கள் செவிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம் என்பதே அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நயாஷ் வகுத்த வரம்பு.

சென்ற மழைக்காலத்தில் வால்பாறை போய்த் திரும்பிய ஒருவர், இடப்பக்கம் கரகரக்கிறது என்று தம் ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடைக் கொண்டுவந்தார். ஃபேரிங்கைத் திறந்தால், உள்ளே இருந்தது காருக்கான ஸ்பீக்கர். அதன் காகிதக் கூம்பு நீரில் ஊறிய அப்பளம்போல் நெளிந்து தொங்கியது. அந்த வண்டியின் ஃபேரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவது. வயரைக் கழுத்துப் பகுதியில் தளர்வே இல்லாமல் இறுக்கிக் கட்டியிருந்ததால், 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் உரசி மேலுறை தேய்ந்து, வெட்டுப்பட்ட இழைகளில் அலுமினியத்தின் வெண்மை தெரிந்தது. தாமிரம் என்று சொல்லி விற்கப்பட்ட, தாமிர முலாம் மட்டும் பூசிய வயர் அது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்திருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்தது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகும் அந்த வயர் சட்டத்தைத் தொட்டிருந்தால் மின்சாரத்தை நிறுத்த நடுவில் எதுவுமே இல்லை என்பதைக் கண்டபோது எனக்குக் கை நடுங்கியது. ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியில் மட்டும் 1,200 வாட் என்று பளபளத்தது.

பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் கொண்ட, படகுகளுக்கென்று செய்யப்படும் ரக ஸ்பீக்கர்கள் இரண்டு, ஒரு சேனலுக்கு 75 வாட் தரும் சிறிய டி வகை ஆம்ப்ளிஃபயர், முழுத் தாமிர வயர் என மாற்றிக் கொடுத்தேன். காந்தம் எடை குறைந்த நியோடிமியம் என்பதால் ஃபோர்க்கின் மேல் சுமையும் குறைந்தது. முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று அவரே வந்து சொன்னார்.

இனி இத்தகைய கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் எழுதும்போது, ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவு, சென்சிடிவிட்டியும் அது அளக்கப்பட்ட முறையும், முழு ஒலியில் ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் ஆம்பியர் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன ஆடியோ பொருத்தும் தொழிலாளி ஒருவர்,
கோயம்புத்தூர்.